ஐரோப்பாவைச் சுற்ற ரயில் பாஸா, தனி டிக்கெட்டா, பஸ்ஸா, விமானமா?

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மூன்று நான்கு வாரம் ஐரோப்பாவைச் சுற்றிவர நினைக்கிற இளைஞர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் யூரெயில் பாஸைப் பற்றித்தான், அதாவது பல நாட்டு ரயில்களில் ஒரே சீட்டை வைத்துப் போகிற வசதியைப் பற்றித்தான் இருக்கும். வாங்கலாமா, வேண்டாமா? தேடிப் பார்த்தால் இரண்டு கட்சி தெரியும். பாஸெல்லாம் அந்தக் காலத்து விஷயம், மூன்று மாதம் முன்பே தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்பார்கள் ஒரு சாரார். பாஸ் இருந்தால் நினைத்த ரயிலில் ஏறலாம், அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பார்கள் மற்றவர்கள். கவனித்துப் பார்த்தால், இரண்டு கட்சிக்காரர்களுமே பெரும்பாலும் விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குள் போகக்கூடியவர்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எதை எப்போது வாங்கலாம் என்பதை நமக்கு விசாதான் முடிவு செய்கிறது. அதனால் போக்குவரத்துக்குப் போகும் முன் விசாவைப் பார்த்துவிடலாம்.

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. ஒரே விசாவில் அத்தனைக்கும் போகலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை. லண்டனையும் பார்க்க ஆசைப்பட்டால் தனி விசா, தனிச் செலவு, தனி அலைச்சல். முதல் பயணத்தில் லண்டனை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் அதற்கு மேல். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. நாள்வாரியான பயணத் திட்டமும் தங்குமிட முன்பதிவும் கேட்பார்கள்.

விதிப்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கூடுதலாகப் பரிசீலிக்க வேண்டுமென்றால் 45 நாள் வரை இழுக்கலாம். கோடைப் பயணம் என்றால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய பாடு. கல்லூரித் தேர்வு, வேலையில் விடுமுறை, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் சேர்ந்து விண்ணப்பமே தாமதமாகும். கடைசியில் பாஸ்போர்ட் கைக்கு வரும்போது பயணத்துக்கு இரண்டு வாரமோ மூன்று வாரமோதான் மிச்சம் இருக்கும். அதுவரைக்கும், ரத்து செய்தால் பணம் திரும்பாத எந்த டிக்கெட்டையும் வாங்குவது சூதாட்டம். 'மூன்று மாதம் முன்பே எடுத்துவிடு' என்ற அறிவுரை நம்மிடம் பலிக்காமல் போவது இங்கேதான்.

சரி, இது பணத்தில் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது?

முதன்முறை போகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம். ஊருக்கு ஊர் தாவுவது ஐந்து முறை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெர்லினுக்கு ரயிலில் ஏறக்குறைய 6 மணி நேரம். பெர்லினிலிருந்து பிராக் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல்; டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆற்றை ஒட்டியே ரயில் போகும், தூங்கிவிடாதீர்கள். பிராக் - வியன்னா 4 மணி நேரம். வியன்னா - வெனிஸ் முக்கால் நாள் பயணம். வழியில் வரும் செம்மரிங் மலைப்பாதை 1854-இல் கட்டி முடித்தது, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வெனிஸ் - ரோம் அதிவேக ரயிலில் 4 மணி நேரம்.

இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் இந்த ஐந்து டிக்கெட்டும் சேர்ந்து ஏறத்தாழ 150 யூரோவில் முடியும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பார்த்தால் அதே ஐந்தும் 300 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். ஆம்ஸ்டர்டாம் - பெர்லின் ஒன்றே மூன்று மடங்கு ஏறி நிற்கும். ஐரோப்பிய நீண்டதூர ரயில்களில் பலவற்றின் விலை நம் விமான டிக்கெட்டைப் போலத்தான், இடம் குறையக் குறைய ஏறும். நம் ரயில்வேயில் இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பருக்கு இரண்டு மாதம் முன்பும் இரண்டு நாள் முன்பும் (தட்கல் நீங்கலாக) ஒரே விலை என்று பழகியவர்களுக்கு இது முதலில் விளங்காது.

இப்போது பாஸ். 27 வயது வரை இருப்பவர்களுக்கு இளைஞர் விலை, பெரியவர்கள் விலையில் கால் பங்கு குறைவு. ஒரு மாதத்துக்குள் ஏதாவது 5 நாள் பயணம் செய்யும் பாஸ், இரண்டாம் வகுப்பில், இளைஞருக்கு 240 யூரோவை ஒட்டி இருக்கும். ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும். இத்தாலிய அதிவேக ரயிலுக்கு இருக்கை முன்பதிவுக் கட்டணம் பத்துப் பதினைந்து யூரோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, முன்கூட்டி எடுத்தால் 150, பாஸில் 255, கடைசி நேரத்தில் 300-க்கு மேல். பாஸ் நடுவில் நிற்கிறது. அதன் விலை பயணத் தேதி நெருங்க நெருங்க ஏறுவதில்லை என்பதுதான் நமக்கு முக்கியமான குணம். பாஸ்போர்ட் வந்த அன்று சாயங்காலம் வாங்கினாலும் அதே விலைதான், போனிலேயே வந்துவிடும்.

இதையே இன்னும் கொஞ்சம் குறைக்கவும் வழி இருக்கிறது. பிராக் - வியன்னா தடத்தில் செக் தனியார் நிறுவனமான ரெஜியோஜெட்டும் ஓடுகிறது. போட்டி இருப்பதால் சில நாள் முன்பு பார்த்தாலும் 20 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். அதற்கு ஒரு பாஸ் நாளை ஏன் செலவழிக்க வேண்டும்? 4 நாள் பாஸ் 210 யூரோவை ஒட்டி. விலை உயர்ந்த நான்கு தாவல்களுக்கு அதை வைத்துக்கொண்டு, மலிவானதைக் கையில் கொடுத்து வாங்கலாம். பாஸ் வாங்கியவர்கள் எல்லாப் பயணத்தையும் அதிலேயே செய்ய முயல்வது வீண். ஒரு பாஸ் நாளின் விலை என்ன என்று முதலில் வகுத்துப் பாருங்கள். 7 நாள் பாஸில் ஒரு நாள் 40 யூரோ அளவில் விழும். 10 நாள் பாஸில் 33, 34. டிக்கெட் அதைவிடக் குறைவாக இருந்தால் பாஸைத் தொட வேண்டாம்.

பாஸ் வாங்கி விசா கிடைக்காவிட்டால்? செயல்படுத்தாத பாஸைக் கொஞ்சம் பிடித்தத்தோடு திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் வருடக் கடைசியில் தள்ளுபடி போட்டு விற்கும் பாஸ்களுக்குப் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. தள்ளுபடியைப் பார்த்து டிசம்பரில் வாங்கிவிட்டு மே மாதம் விசாவுக்கு நிற்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

பாஸ் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

33 நாடுகளில் செல்லும் என்று விளம்பரம் சொல்கிறது. அது உண்மைதான். ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி செல்லாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளுக்குள் ஓடும் பகல் ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவே வேண்டாம். நிலையத்துக்குப் போனீர்கள், அடுத்த ரயிலைப் போனில் இருக்கும் யூரெயில் ஆப்பில் சேர்த்தீர்கள், ஏறினீர்கள், அவ்வளவுதான். இந்த ஆப்பை மூன்று நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் திறக்காது. பரிசோதகர் வந்து நிற்கும்போது இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

பிரான்சும் ஸ்பெயினும் வேறு கதை. பிரான்சின் டிஜிவி அதிவேக ரயிலில் பாஸோடு இருக்கை முன்பதிவும் கட்டாயம், அதற்கு 10 முதல் 20 யூரோ. பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகளும் கொஞ்சம்தான். கோடையில் அவை தீர்ந்த பிறகு, ரயிலில் காலி இடம் இருந்தாலும் பாஸ்காரருக்கு இல்லை என்றாகிவிடும். பாரிஸ் - ஆம்ஸ்டர்டாம் ஓடும் யூரோஸ்டாரில் பாஸ் வைத்திருந்தும் 30 யூரோவை ஒட்டிக் கட்டணம். பஸ் டிக்கெட்டே அந்த விலைக்குக் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும்தான். ஸ்பெயினில் மாட்ரிட் - பார்சிலோனா தடத்தில் 2021-இல் விகோ, 2022-இல் இர்யோ என்ற ரயில் நிறுவனங்கள் வந்தபின், அரசு ரயிலோடு சேர்த்து மூன்று நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. அங்கே தனி டிக்கெட்டே மலிவு. இத்தாலியிலும் 2012 முதல் இத்தாலோ என்ற தனியார் ரயில் அரசு ரயிலோடு போட்டி போடுகிறது. பாஸ் அதில் செல்லாது. பாரிஸ், பார்சிலோனா, மாட்ரிட், ரோம் என்று தெற்கு மேற்காகவே சுற்றப் போகிறீர்கள் என்றால் பாஸை மறந்துவிடலாம்.

ஜெர்மனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்ற பழைய நம்பிக்கையோடு போகாதீர்கள். 2024-இல் அங்கே நீண்டதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடுதான், அதுவும் 6 நிமிடத்துக்குள் வந்ததை நேரத்துக்கு வந்ததாகக் கணக்கிட்டு. மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். ஒரே டிக்கெட்டில் இரண்டு ரயில் மாறுகிறீர்கள், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விட்டது என்றால் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்வார்கள். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட் வெறும் தாள். பாஸ் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை, அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். வடக்கு, நடு ஐரோப்பாவில் பாஸுக்கு நான் கொஞ்சம் கூடுதலாகச் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெர்மனியில் மட்டும் இரண்டு மூன்று வாரம் சுற்றப் போகிறவர்களுக்கு பாஸைவிட நல்லது டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க நகர பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாம் அதில் அடக்கம். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. இது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுத்துவிடுவார்கள். நாட்காட்டி மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் 20-ஆம் தேதி போய் இறங்குகிறவர்களுக்கு லாபம் குறைவு. சுவிட்சர்லாந்து சங்கதி நேர்மாறு. அங்கே தனி டிக்கெட் விலை தலையைச் சுற்றவைக்கும். பாஸ் நாட்களைச் செலவழிக்க அதைவிடப் பொருத்தமான நாடு கிடையாது. ஆனால் யுங்ஃபிராவ் சிகர ரயில் மாதிரியான மலை ரயில்களில் தள்ளுபடிதான் உண்டு, இலவசம் இல்லை.

இரவு ரயில்

'இரவில் பயணம் செய்தால் ஒரு ஹாஸ்டல் வாடகை மிச்சம்' என்று எல்லோரும் சொல்வார்கள். இது ரயிலுக்குப் பாதி உண்மை, பஸ்ஸுக்குக் கால்வாசி உண்மை.

ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் ரயில்கள் வியன்னாவையும் மியூனிக்கையும் ரோம், வெனிஸ் போன்ற ஊர்களோடு இணைக்கின்றன. பிரஸ்ஸல்ஸிலிருந்து பெர்லின் வழியாக பிராக்குக்கு யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற நிறுவனம் ரயில் விடுகிறது. பாஸ்காரர்களுக்கு இரவு ரயிலில் ஒரு நல்ல விதி இருக்கிறது: நள்ளிரவுக்கு முன் ஏறி, வழியில் மாறாமல் காலையில் இறங்கினால், ஏறிய நாள் மட்டுமே பாஸ் நாளாகக் கணக்கில் வரும். ஆனால் படுக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆறு பேர் படுக்கும் பெட்டியில் ஒரு படுக்கைக்கு ஆகும் செலவு ஒரு ஹாஸ்டல் படுக்கையின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதனால் மிச்சமாவது பணம் அல்ல, பகல் நேரம். உட்காரும் இருக்கை மலிவு என்று அதை எடுக்காதீர்கள். அடுத்த நாள் ரோமில் கொலோசியத்தின் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். படுக்கை கிடைத்தால் இரவு ரயில், கிடைக்காவிட்டால் பகல் ரயில். கோடையில் படுக்கைகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும் என்பதால், விசா வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பஸ்

ஜெர்மனி 2013-இலும் பிரான்ஸ் 2015-இலும் நீண்டதூர பஸ் தடங்களைத் தனியாருக்குத் திறந்துவிட்ட பிறகுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் மலிவு பஸ் வலை உருவானது. மியூனிக்கில் தொடங்கிய ஃபிளிக்ஸ்பஸ்ஸின் பச்சை வண்டிகளைக் கண்டம் முழுக்கப் பார்க்கலாம். இதுவும் தேவைக்கேற்ப விலை ஏறுகிற வண்டிதான். ஆனால் ஏறினாலும் ரயில் அளவுக்கு ஏறாது. மூன்று நாள் முன்பு பார்த்தால் கூட 20 முதல் 40 யூரோவுக்கு ஏதாவது ஒரு வண்டி இருக்கும். பெரிய பை ஒன்று அடியில், கைப்பை ஒன்று மேலே, இரண்டும் டிக்கெட்டில் அடக்கம். விமானத்தோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

குறை என்ன? முதலாவது, பஸ் நிற்கும் இடம். ரயில் நிலையம் ஊர் நடுவில் இருக்கும்; வெனிஸில் சாந்தா லூச்சியா நிலையத்தின் படியில் இறங்கினால் எதிரே கிராண்ட் கால்வாய். பஸ் உங்களைக் கொண்டுபோய் விடுவது ஆம்ஸ்டர்டாமில் ஸ்லோட்டர்டைக், ரோமில் திபுர்த்தினா. அங்கிருந்து மெட்ரோவோ ரயிலோ பிடிக்க வேண்டும். இரண்டாவது, எல்லைச் சோதனை. ஷெங்கனுக்குள் சோதனையே இல்லை என்பது புத்தகத்தில் இருப்பது. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நிலஎல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு பஸ்ஸை ஓரங்கட்டி, விளக்கைப் போட்டு, பாஸ்போர்ட் கேட்பார்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அடியில் வைத்த பையில் இருக்கிறது என்றோ, போனில் படம் இருக்கிறது என்றோ சொன்னால் நடக்காது. நம் தோல் நிறத்துக்குக் கேள்வி கொஞ்சம் கூடுதலாக வருவதும் உண்டு, மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். திரும்பிப் போகும் டிக்கெட், ஹாஸ்டல் முன்பதிவு இரண்டையும் இணையம் இல்லாமல் திறக்கிற மாதிரி போனில் வைத்திருங்கள்.

ஐந்து ஆறு மணி நேரம் வரை பகல் பஸ் நல்ல தேர்வு. வியன்னா - புடாபெஸ்ட் ஏறக்குறைய 3 மணி நேரம்தான், ரயிலும் அதே அளவுதான், பஸ்ஸில் பாதி விலை. எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும் இரவு பஸ்ஸை, வேறு வழி இல்லை என்றால் மட்டும் எடுங்கள். காலை ஆறு மணிக்கு ஊரில் இறக்கிவிடுவார்கள். ஹாஸ்டலில் அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பையை அங்கே வைத்துவிட்டு, குளிக்காமல், தூங்காமல் ஒன்பது மணி நேரம் சுற்ற வேண்டும். மிச்சம் பிடிப்பது எவ்வளவு என்பதும் ஊரைப் பொறுத்தது. ஆம்ஸ்டர்டாமில் கோடையில் ஒரு டார்மிட்டரி படுக்கை 40, 50 யூரோவுக்குப் போகும், அதற்கு மேல் 12.5 விழுக்காடு சுற்றுலா வரி. அந்த ஊரை விட்டுக் கிளம்பும் ராத்திரி இரவுப் பயணம் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. படுக்கை 15, 20 யூரோவுக்குக் கிடைக்கிற புடாபெஸ்டிலோ போலந்தின் கிராகூவிலோ முதுகை வளைத்து எதை மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

விமானம்

ரையன்ஏர், விஸ்ஏர், ஈஸிஜெட் என்று மலிவு விமான நிறுவனங்கள் இருக்கின்றன. 19 யூரோ என்று திரையில் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோகும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த 19 யூரோவில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான் இலவசம். விஸ்ஏரில் 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர் அளவு. ஒரு மாதத்துக்கான 40, 45 லிட்டர் பை அதில் அடங்காது. அதற்கு இன்னொரு 25 முதல் 50 யூரோ. விமான நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும்: 'பாரிஸ்' என்று விற்கும் பொவே பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர், 'ஃபிராங்க்ஃபர்ட்' என்று விற்கும் ஹான் 120 கிலோமீட்டர். அந்த பஸ்ஸுக்குத் தனிக் காசு, ஒன்றேகால் மணி நேரம் தனி. ஐரோப்பியர் அல்லாதவர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன் கவுன்ட்டரில் ஆவணங்களைக் காட்டி வர வேண்டும் என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. ஆன்லைனில் செக்-இன் செய்துவிட்டோம் என்று நேரே வாசலுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

இதையெல்லாம் கூட்டினால் 19 யூரோ 90 ஆகும், ஒன்றரை மணி நேரப் பயணம் ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே ரயிலில் ஆறு மணி நேரத்துக்குள் போகிற தூரத்துக்கு விமானம் வீண்.

ஆனால் விமானம்தான் சரி என்கிற இடங்களும் இருக்கின்றன. மாட்ரிட்டிலிருந்து லிஸ்பனுக்கு ஓடிய இரவு ரயில் 2020-இல் நின்றது. இப்போது நேரடி ரயில் இல்லை, மூன்று ரயில் மாறிப் போனால் ஒரு முழுப் பகல் போய்விடும். ஏதென்ஸ், சிசிலி, வட நார்வே எல்லாம் இந்த வகை. ரோமிலிருந்து பாரிஸுக்குத் திரும்பி வந்து ஊருக்கு விமானம் ஏற வேண்டும் என்றாலும் விமானமே மேல். அதைவிட, அந்தத் தேவையே வராமல் செய்துவிடுவது இன்னும் மேல். சென்னையிலிருந்து டிக்கெட் போடும்போதே ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ரோமில் ஏறுகிற மாதிரி போட்டுவிடுங்கள். துபாய், தோஹா, அபுதாபி வழியாகப் போகும் விமானங்களில் போய்வரும் டிக்கெட்டுக்கும் இதற்கும் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு நாளும் நூறு யூரோவும் அப்படியே மிச்சம்.

அங்கேயே இருப்பவர்களுக்கு

ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கும் தமிழ் மாணவர்கள் பலர் யூரெயில் பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உரியது இன்டர்ரெயில் பாஸ். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது அதற்குத் தேவையில்லை, ஐரோப்பாவில் வசிக்கிறீர்களா என்பதுதான் கணக்கு. விலை ஏறத்தாழ அதேதான். ஒரே வித்தியாசம், வசிக்கும் நாட்டுக்குள் அதை வெளியே போகும் ஒரு நாளும் திரும்பி வரும் ஒரு நாளும் மட்டுமே பயன்படுத்தலாம். இவர்களுக்கு விசா தலைவலி கிடையாது. வசிப்பிட அனுமதி கையில் இருப்பதால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். மூன்று மாதம் முன்பே மலிவு டிக்கெட் எடுக்கும் வழி இவர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆகவே மேலே சொன்ன 150 யூரோ கணக்கு இவர்களுக்கானது, தேர்வுத் தேதி மட்டும் மாறாமல் இருந்தால். பிரான்சிலும் ஜெர்மனியிலும் நார்வேயிலும் வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகள் 18 வயதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஸ்கவர்ஈயூ திட்டத்துக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். தேர்வானால் ரயில் பாஸ் இலவசம். சுவிட்சர்லாந்தில் இருப்பவர்களுக்கு இதுவரை அந்த வாய்ப்பு இல்லை.

விசா ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குங்கள்

ஊரிலிருந்து போகிறவர்களுக்குத் திரும்ப வருகிறேன். விண்ணப்பிக்கும்போது ரத்து செய்யக்கூடிய ஹாஸ்டல் முன்பதிவு போதும். ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். பாஸ்போர்ட் ஒன்றரை மாதத்துக்கு முன்பே வந்துவிட்டால் பாஸ் பக்கமே போகாதீர்கள், மலிவு டிக்கெட் இன்னும் இருக்கும். மூன்று வாரத்துக்குள் வந்து, பாதை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் பக்கம் என்றால் நான்கைந்து நாள் பாஸ், இடையில் உள்ள மலிவுத் துண்டுகளுக்கு பஸ். அதே மூன்று வாரத்தில் பாதை பிரான்ஸ், ஸ்பெயின் என்றால் பாஸ் வேண்டாம். மாட்ரிட் - பார்சிலோனாவுக்குப் போட்டி ரயில், மற்றதற்கு பஸ். தினமும் ஊர் மாறும் திட்டத்தோடு 15 நாள் பாஸ் வாங்குவது கணக்கில் மலிவாகத் தெரியும். அப்படி ஓடிக்கொண்டே இருக்கும் திட்டத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு மாதத்துக்கு ஆறு ஏழு ஊர் தாராளம்.

கிழக்கே பால்கன் பக்கம் போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்குக்கு ரயில் பாதையே கிடையாது, அல்பேனியாவில் பாஸ் செல்லாது, மற்ற இடங்களில் இருக்கும் ரயிலும் பெரும்பாலும் மெதுவானது. பஸ்தான் நல்ல வழி, விலையும் குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது விசாவை. குரோவேஷியா 2023-இல் ஷெங்கனில் சேர்ந்தது, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. இடையில் உள்ள போஸ்னியா, மோண்டினீக்ரோ, செர்பியா, அல்பேனியா சேரவில்லை. பலமுறை நுழையும் ஷெங்கன் விசா இருந்தால் இவை பொதுவாகச் சில நிபந்தனைகளோடு உள்ளே விடும். ஆனால் பாஸ்போர்ட் வந்ததும் ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் 01 என்று இருந்தால், டுப்ரோவ்னிக்கிலிருந்து பஸ் ஏறி மோண்டினீக்ரோவின் கோட்டோர் விரிகுடாவை ஒரு பகல் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பஸ் திரும்பி வரும், உங்களை எல்லையிலேயே இறக்கிவிட்டு.